உப்புக்காற்று வீட்டில் பாட்டுக் கேட்க எத்தனை பெட்டி?

கேள்வி இது. ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளியைத் தாண்டி அரியமான் பக்கம் புது வீடு, கடல் நடந்து போகிற தூரம். ஹால் 12க்கு 16 அடி. தினமும் பாட்டு, சனி ஞாயிறில் படம். ப்ரீ ஆம்ப் (வால்யூமைக் கட்டுப்படுத்துவது), பவர் ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டுவது), டாக் (டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கு ஏற்ற சிக்னலாக்குவது) என்று தனித்தனிப் பெட்டிகளாக வாங்குவதா, எல்லாம் அடங்கிய ஒரே ரிசீவரோடு முடித்துக்கொள்வதா? கூடவே ஒரு கிளைக் கேள்வி: மச்சான் சவுதியிலிருந்து பழைய ரிசீவர் ஒன்றைக் கொண்டுவருகிறாராம், அதை மாட்டலாமா? அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ப்ரீயும் பவரும் ஒரே பெட்டியில் இருக்கும் ஸ்டீரியோ இன்டகிரேட்டட் ஆம்ப் ஒன்று, உள்ளே ஆம்ப் இல்லாத சாதாரண ஸ்பீக்கர் ஒரு ஜோடி, பாட்டைக் கொடுக்கும் சின்னப் பெட்டி (டாக்) ஒன்று. மூன்று துண்டு, போதும். ப்ரீயையும் பவரையும் பிரிக்காதீர்கள். ஸ்பீக்கருக்குள் ஆம்பை அடைத்ததையும் வாங்காதீர்கள். ஆம்புக்குள்ளேயே ஸ்ட்ரீமிங், புளூடூத், எச்டிஎம்ஐ எல்லாம் ஏற்றி வைத்த மாடலைக் கடைக்காரர் நீட்டினால், அந்தக் காசை ஸ்பீக்கரில் போடுவதாகச் சொல்லுங்கள்.

தனிப்பெட்டி, ஒற்றைப்பெட்டி விவாதத்தில் பெருநகரத்துக்காரர்கள் பேசுவது பெரும்பாலும் ஒலித்தரத்தைப் பற்றி. ஏசி அறையும் சீரான கரன்டும் இருக்கிறவர்களுக்கு அந்தப் பேச்சு சரி. தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை இந்தக் கரையில் ஆம்பைக் கொல்வது உப்பு, ஈரம், ஏறி இறங்கும் கரன்ட். எத்தனை இடத்தில் உலோகம் காற்றுக்குத் திறந்து கிடக்கிறது, பழுதானால் எதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டும், இந்த இரண்டையும் வைத்துத்தான் இங்கே பெட்டியை எண்ண வேண்டும்.

எண்ணிப் பாருங்கள். டாக்கிலிருந்து ப்ரீக்கு ஆர்சிஏ ஒயர் (பெட்டிகளை இணைக்கும் சாதாரண ஆடியோ ஒயர்) இரண்டு, ப்ரீயிலிருந்து பவருக்கு இரண்டு. நான்கு ஒயருக்கு எட்டு முனை. ஒவ்வொரு முனையிலும் நடு ஊசி ஒன்று, வெளி வளையம் ஒன்று. ஆக 16 இடத்தில் உலோகம் உலோகத்தைச் சும்மா தொட்டுக்கொண்டு நிற்கிறது. கரன்ட் பிளக் மூன்று. இன்டகிரேட்டட் ஆம்ப் வைத்தால் 16 எட்டாகிறது, பிளக் இரண்டாகிறது. ப்ரீக்கும் பவருக்கும் நடுவே ஓடும் சிக்னல் பெட்டிக்குள் போர்டிலேயே சால்டர் ஆகிவிடுகிறது. சால்டர் வைத்த இடத்தை உப்பு தின்ன வருஷக்கணக்கில் ஆகும். செருகி வைத்த ஜாக்கை ஒரே வாடைக்காலம் கறுக்க வைத்துவிடும்.

உப்பின் வேலை இப்படி நடக்கிறது. காற்றில் பறந்து வரும் கடல்துளி காய்ந்து பொடியாகப் பெட்டிக்குள் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துவிடும். அடுக்களையில் உப்பு ஜாடி கசிவதும் இதனால்தான். கடல் உப்பில் மெக்னீசியம் உப்பும் கலந்திருப்பதால் அது இன்னும் சீக்கிரம் கசியும். இரவில் 75ஐத் தாண்டுவது நம் பக்கம் அதிசயமே இல்லை. அப்போது போர்டின் மேல் படிந்த பொடி உப்புநீர்ப் படலமாகிறது. உப்புநீர் கரன்ட் கடத்தும். செம்புத் தடங்கள் பச்சை பிடிக்கின்றன, மலிவான ஜாக்கின் பூச்சுக்கு அடியில் பித்தளை கறுக்கிறது. பகலில் காய்ந்து, இரவில் மறுபடி நனைந்து, இது தினமும் நடக்கிறது.

எந்த மாதத்தில் அதிகம் என்பது எந்தக் கடலோரம் என்பதைப் பொறுத்தது. உங்கள் வீடு பாக் நீரிணைப் பக்கம். தொண்டி, தேவிபட்டினம், அரியமான் ஆகியவற்றுக்கு உப்பை அள்ளிவருவது ஐப்பசிக்கு மேல் அடிக்கும் வாடை. கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் என்று மன்னார் வளைகுடாப் பக்கம் இருந்தால் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்கள். ஆகவே வடக்கும் கிழக்கும் பார்த்த ஜன்னலுக்கு நேரே உங்கள் ஆடியோ ஷெல்ஃபை வைக்காதீர்கள். உள்சுவர் ஓரமாக, தரையிலிருந்து ஓர் அடியாவது உயரத்தில் வையுங்கள்.

இதற்கு மலிவான மருந்து சூடு. 30 டிகிரியில் 85 சதவீத ஈரத்தோடு இருக்கும் காற்றை 36 டிகிரிக்குச் சூடாக்கினால், அதே காற்றின் ஈரப்பதம் சுமார் 61 சதவீதமாகிவிடும். ஆறு டிகிரிதான் வித்தியாசம், ஆனால் உப்பின் பெரும்பகுதி உலர்ந்தே கிடக்கும். கதவுள்ள அலமாரியின் கீழ்த்தட்டில் பழைய இழை வகை ஜீரோ வாட் பல்பு ஒன்றை இரவில் எரியவிட்டால் போதும். பெயர்தான் ஜீரோ, அது 15 வாட் வரை இழுக்கும், அந்தச் சூடுதான் நமக்கு வேண்டும். எல்ஈடி ஜீரோ வாட் பல்பு சூடாகாது, பிரயோஜனமில்லை. இக்கால ஆம்பை ஸ்டாண்ட்பையில் விட்டாலும் அரை வாட்கூட இழுக்காது, அதை நம்பாதீர்கள். பல்பைத் துணி, ஒயர், பிளாஸ்டிக் எதுவும் தொடாதபடி கம்பி வலைக் கூண்டுக்குள் மாட்டுங்கள். பாட்டுப் போடும்போது பல்பை அணைத்து, அலமாரிக் கதவைத் திறந்து வையுங்கள். ஆம்புக்குள் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டரின் ஆயுள், சூடு 10 டிகிரி ஏறும்போதெல்லாம் ஏறக்குறைய பாதியாகும். ஈரத்துக்குச் சூடு மருந்து, கப்பாசிட்டருக்கு அதே சூடு எமன். இரண்டுக்கும் நடுவில்தான் ஓட்ட வேண்டும்.

அடுத்தது, எந்தத் துண்டு எவ்வளவு நாள் தாங்கும். எது எதைப் பிரிக்க வேண்டும் என்பதை இதுவே சொல்லிவிடும். ரப்பர் விளிம்பு வைத்த நல்ல ஸ்பீக்கர் இருபது வருஷம் ஓடும். அனலாக் ஆம்ப், கப்பாசிட்டரும் ரிலேயும் (கரன்ட்டில் இயங்கும் குட்டி சுவிட்ச்) மாற்றிக்கொண்டே போனால் அதே அளவு ஓடும். பாட்டைக் கொடுக்கும் டிஜிட்டல் பெட்டி நான்கைந்து வருஷத்தில் கெட்டுப்போகும், அல்லது கெடாமலே பழசாகிப்போகும். எச்டிஎம்ஐயைப் பாருங்கள்: டிவி சத்தத்தை ஆம்புக்குத் திருப்பி அனுப்பும் ஆர்க் வசதி 2009இல் 1.4 பதிப்போடு வந்தது, 2013இல் 2.0, 2017இல் 2.1ஓடு ஈ-ஆர்க் என்ற மேம்பட்ட ஆர்க். ஒவ்வொரு முறையும் பழைய ரிசீவர் ஒரு படி பின்தங்கியது, உள்ளே இருக்கும் ஆம்ப் பகுதிக்கு ஒரு குறையும் இல்லாமலே. நாலு வருஷத்தில் சாகிறதையும் இருபது வருஷம் வாழ்கிறதையும் ஒரே பெட்டியில் போட்டால், சாகிறது வாழ்கிறதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். டிஜிட்டலைத் தனியே வையுங்கள் என்பது இதனால்தான். ப்ரீயும் பவரும் ஒரே வேகத்தில் முதுமை அடைகிறவை, அவை ஒரு கூரையின் கீழ் இருக்கட்டும்.

ரிப்பேர் கணக்கும் இதையே சொல்கிறது. ரிலே, டிரான்ஸிஸ்டர், கப்பாசிட்டர், வால்யூம் கண்ட்ரோல் ஆகியவற்றை மாற்ற ராமநாதபுரத்திலேயே கை தேர்ந்த மெக்கானிக் கிடைப்பார். எச்டிஎம்ஐ போர்டு போனால் சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டும். மதுரை 100 கிலோமீட்டருக்கு மேல். அங்கே போர்டை அப்படியே மாற்றுவார்கள், சிப்பைப் பிரித்து யாரும் பார்க்க மாட்டார்கள். மாடல் பழசானால் போர்டும் வராது. 10 கிலோ ரிசீவரைச் சுமந்து போய்த் திரும்பவும் சுமந்து வருவதுதான் மிச்சம். தனிப் பெட்டி என்றால் அந்தச் சின்னப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று வாங்கலாம். அதுவரை ஃபோனை ஒயரில் மாட்டியாவது பாட்டுக் கேட்கலாம்.

ப்ரீ–பவரைப் பிரிப்பதில் நன்மையே இல்லையா என்றால், உண்டு. ப்ரீயின் நுணுக்கமான சர்க்யூட் பெரிய டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்திலிருந்து தள்ளி இருக்கும். பவர் ஆம்புக்குப் பெரிய சப்ளை வைக்க இடம் இருக்கும். இம்பீடன்ஸ் (மின் எதிர்ப்பு) 3 ஓம் வரை இறங்கும் முரட்டு ஸ்பீக்கருக்கும், கீழக்கரைப் பழைய வீடுகள் மாதிரி உயரக் கூரை வைத்த பெரிய கூடத்துக்கும் அது தேவைப்படலாம். உங்கள் ஹாலுக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடுவோம். 87 டெசிபல் உணர்திறன் (ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் தரும் சத்தம்) உள்ள ஸ்பீக்கர் ஜோடிக்கு ஆளுக்கு ஒரு வாட் கொடுத்தால், 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் உங்களுக்குச் சுமார் 83 டெசிபல் கேட்கும். பக்கத்தில் இருப்பவரோடு பேசக் குரலை உயர்த்த வேண்டிய அளவு அது. அந்த ஒரு வாட்டை 50 ஆக்கினால் 17 டெசிபல் கூடி, தவிலடி மாதிரித் திடீரென்று எழும் ஒலிக்கு 100 டெசிபல் வரை இடம் கிடைக்கிறது. 50ஐ 100 ஆக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். ஆகவே 8 ஓமில் 50 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) உள்ள இன்டகிரேட்டட் ஆம்ப் உங்களுக்குத் தாராளம். அட்டைப்பெட்டியில் 'உச்ச சக்தி' என்று போட்டிருக்கும் பிஎம்பிஓ எண்ணைப் படிக்கவே வேண்டாம். அதற்கு எந்த அளவுகோலும் கிடையாது.

பின்னால் மனசு மாறினால்? 'ப்ரீ அவுட்' என்ற ஜாக் உள்ள மாடலாக வாங்குங்கள். நாளைக்குப் பெரிய பவர் ஆம்ப் வேண்டுமென்றாலும், சப்வூஃபர் வேண்டுமென்றாலும் அதில் மாட்டிக்கொள்ளலாம். சிலவற்றில் 'ப்ரீ அவுட்', 'மெயின் இன்' இரண்டையும் இணைக்கும் சின்ன உலோகப் பாலம் வெளியே தெரியும். அதுவும் இரண்டு செருகல்தான். கறுத்துப்போனால் ஒரு பக்கம் சத்தம் விட்டுவிட்டு வரும்.

ரெக்கார்ட் பிளேயர் வைத்திருந்தால் ஒரே ஒரு பிரிப்பைச் சிபாரிசு செய்வேன்: ரெக்கார்ட் ஊசியின் நுண்ணிய சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ ஸ்டேஜ். எம்எம் கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய சாதாரண வகைத் தலை) கொடுப்பது 5 மில்லிவோல்ட் அளவுதான். டாக் கொடுக்கும் 2 வோல்ட்டோடு ஒப்பிட்டால் 400இல் ஒரு பங்கு. அதன் பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் உறுமல் நிச்சயம். தனிப் பெட்டியாக்கி, ஆம்பிலிருந்து ஓரடி தள்ளி வைத்தால் பாதித் தொல்லை போய்விடும்.

படத்துக்கு 5.1 (சுற்றொலி) வேண்டுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். வாரத்தில் ஒன்றிரண்டு படத்துக்காக ஐந்து ஸ்பீக்கரும் ஒரு வூஃபரும் சுவரெல்லாம் ஒயரும் வேண்டுமா? நல்ல ஸ்டீரியோ ஜோடியில் வசனம் தெளிவாகவே நடுவில் கேட்கும். வேண்டும் என்றே முடிவானால் எல்லாச் சேனலும் ஒரே பெட்டியில் இருக்கும் ஏவி ரிசீவரே வாங்குங்கள். அதிலும் ப்ராஸசர் தனி, பவர் ஆம்ப் தனி என்று இறங்காதீர்கள், சீக்கிரம் பழசாகிற துண்டுக்கே அதிகக் காசு போகும். ரிசீவரில் '100 வாட்' என்றிருப்பது பெரும்பாலும் இரண்டு சேனல் மட்டும் ஓடும்போது அளந்தது. எல்லாச் சேனலும் ஒன்றாக ஓடினால் சப்ளை ஒன்றே என்பதால் வெகுவாகக் குறையும். மேலே நான்கு விரற்கடை இடமாவது விடுங்கள், மேலே டிடிஎச் பெட்டியை ஏற்றி வைக்காதீர்கள்.

ஸ்டீரியோவோடு டிவியைச் சேர்க்க ஆப்டிகல் ஒயர் போதும்: டிவியிலிருந்து டாக், டாக்கிலிருந்து ஆம்ப். டிவி செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்டைப் 'பிசிஎம்' (சுருக்காத ஒலி) ஆக்குங்கள். இல்லையென்றால் டிவி டால்பியாக அனுப்பும், சாதாரண டாக்குக்கு அது புரியாது; ஒன்று சத்தமே வராது, இல்லை இரைச்சல் வரும். டாக் கெட்டது என்று திருப்பிக் கொடுக்கப்படுவதில் பல இந்தக் கேஸ்தான். ஆப்டிகலில் பெரும்பாலும் டிவி ரிமோட்டால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது, ஆகவே ரிமோட் உள்ள ஆம்பாக வாங்குங்கள்.

ஆப்டிகலுக்கு இன்னொரு குணம் உண்டு. அதில் போவது வெளிச்சம், கரன்ட் இல்லை. இடி விழுந்து டிஷ் ஒயர் வழியாக டிவிக்குள் வரும் அதிர்ச்சி அதைத் தாண்டி டாக்குக்கும் ஆம்புக்கும் போகாது. கரன்ட் பிளக் வழியாக வருவதற்கு இது பொறுப்பில்லை. எச்டிஎம்ஐயில் எல்லாம் ஒன்றோடொன்று கட்டிக்கொண்டிருக்கும், ஒன்று போனால் வரிசையாகப் போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேகம் இருட்டினாலே பிளக்கைப் பிடுங்குங்கள், டிஷ் ஒயரையும் பிடுங்குங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. சுவிட்சுக்குள் இருப்பது சில மில்லிமீட்டர் இடைவெளி. மைல் கணக்கில் தாண்டி வந்த மின்னலுக்கு அது ஒரு தடையா?

தனித்தனிப் பெட்டிகள் வைத்தவர்களை வாட்டும் முதல் தொல்லை 'ம்ம்ம்' என்ற உறுமல். ஒரு பெட்டியின் பிளக் ஒரு சுவரில், இன்னொன்றின் பிளக் வேறு சுவரில். இரண்டு எர்த்துக்கும் நடுவே சின்ன வோல்ட்டேஜ் வித்தியாசம் இருக்கும், அது ஆர்சிஏ ஒயரின் வெளி வளையம் வழியாக ஓடும். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகினாலே பெரும்பாலும் நின்றுவிடும். நிற்கவில்லையென்றால் டிஷ் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். கழற்றியதும் அடங்கினால் திருடன் அவன்தான், ஆப்டிகலுக்கு மாறுங்கள். எர்த் பின்னை வெட்டுவதற்கோ, இரண்டு பின் கன்வர்ட்டர் போடுவதற்கோ யார் யோசனை சொன்னாலும் கேட்காதீர்கள். உறுமல் நிற்கும், ஒரு நாள் ஆம்பின் உடம்பைத் தொட்டவருக்கு மூச்சும் நிற்கும்.

எர்த்தே இங்கே தனிப் பிரச்சினை. மேல் மணல் காய்ந்து கிடந்தால் கரன்ட் இறங்காது, எர்த் பைப் ஈர மணல்வரை போயிருக்க வேண்டும். ஈர மணலில் உப்புத் தண்ணீர், ஆகவே ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பை அது தின்னும். அதற்கு முன்னால் கிளாம்பு போல்ட்டைத் தின்னும். வருஷத்துக்கு ஒரு தடவை எர்த் குழியைத் திறந்து அந்த போல்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். புது வீடு என்பதால் செம்புப் பூச்சு ராடு போட்டுவிடுவதே மேல். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டரில் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனுக்கு வேலை இருக்கிறது.

சாயந்திரம் கரன்ட் 230 வோல்ட்டிலிருந்து 180க்கு இறங்கினால், சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் சப்ளை ஆம்பின் சக்தி 61 சதவீதமாகிவிடும். 50 வாட் 30 ஆகும். கேட்க அவ்வளவு வித்தியாசம் தெரியாது. ஏறினால்தான் ஆபத்து. 1 கேவிஏ ஸ்டெபிலைசர் ஒன்று ஆம்பின் முழு இழுப்பையும் தாங்கும். இன்வர்ட்டரில் பாட்டுக் கேட்பதானால் சைன் வேவ் வகை வேண்டும். ஸ்கொயர் வேவில் டிரான்ஸ்ஃபார்மரே ரீங்காரமிடும்.

கரன்ட் போய் வரும்போது ப்ரீயும் பவரும் ஒரே நொடியில் உயிர்பெற்றால் 'டொம்' என்று ஒரு அடி விழும். அதுதான் வூஃபரின் காயிலைப் பிய்க்கிறது. விதி இது: போடும்போது பவர் ஆம்ப் கடைசி, அணைக்கும்போது பவர் ஆம்ப் முதல். மின்வெட்டுக்கு இந்த விதி தெரியாது. கம்பெனி இன்டகிரேட்டட் ஆம்பில் சில நொடி தாமதித்து ஸ்பீக்கரை இணைக்கும் ரிலே இருக்கும், ஒற்றைப் பெட்டிக்கு இது பெரிய பிளஸ்.

அந்த ரிலேவே இந்த ஊரில் முதலில் போகும் உறுப்பும்கூட. அடையாளம்: குறைந்த சத்தத்தில் ஒரு பக்கம் ஊமை, வால்யூமைக் கூட்டினால் 'டப்'பென்று திரும்பி வரும். உள்ளே காண்டாக்ட் கறுத்திருக்கிறது என்று அர்த்தம். அரம் போட்டுத் தேய்த்தால் வெள்ளிப் பூச்சு போய் ஆறு மாதத்தில் மறுபடி அதே கதைதான். ரிலேயை மாற்றிவிடச் சொல்லுங்கள், பெரிய செலவில்லை. வால்யூமைத் திருகும்போது கரகரப்பு வந்தால் காண்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு, இருபது முப்பது தடவை முழுக்கத் திருகுங்கள். ஆம்பை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு இதைச் செய்யுங்கள். ஜாக்கில் தேங்காய் எண்ணெய் தடவுவது தூசியைச் சேர்க்கும். மாதம் ஒரு முறை ஒவ்வொரு ஆர்சிஏயையும் கழற்றி, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, திருகிச் செருகுங்கள். எட்டு முனையா நான்கு முனையா என்ற கணக்கு உங்களுக்கு முதல் மாதத்திலேயே புரியும்.

உள்ளூரில் அசெம்பிள் செய்துதரும் ஆம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கையில் காசு குறைவாக இருந்தால் அது கெட்ட யோசனை இல்லை, எந்தப் பார்ட்டும் ஊரிலேயே கிடைக்கும். மூன்று விஷயம் கேளுங்கள். டிடிஏ7294 ஐசி போர்டு என்றால் டிரான்ஸ்ஃபார்மர் 24–0–24 வோல்ட், 5 ஆம்பியர். 28–0–28 போட்டால் சத்தம் கூடும் என்பார்கள். கரன்ட் 260க்கு ஏறும் இரவில் டிசி 44 வோல்ட்டைத் தாண்டும், அந்த ஐசியின் வேலை வரம்பு 40. இரண்டாவது, சி5200–ஏ1943 டிரான்ஸிஸ்டர் ஜோடியில் போலி அதிகம், விலை சந்தேகமாகக் குறைவாக இருந்தால் அது போலிதான். மூன்றாவது, யுபிசி1237 ஐசி வைத்த ஸ்பீக்கர் புரொடக்ஷன் போர்டு கண்டிப்பாக வேண்டும். கூடவே, முடிந்த போர்டின் அடிப்பக்கம் அக்ரிலிக் கோட்டிங் ஸ்ப்ரே அடித்துத் தரச் சொல்லுங்கள். ஜாக்கிலும் ரிலேயிலும் வால்யூம் கண்ட்ரோலிலும் அது படக்கூடாது. உப்புக்கு எதிராக ஒரு கம்பெனி ஆம்பில் செய்ய முடியாத உபகாரம் இது.

ஸ்பீக்கருக்குப் பட்ஜெட்டில் பாதியாவது ஒதுக்குங்கள். விளிம்பு ஃபோமாக இருந்தால் வேண்டாம், இந்த ஈரத்தில் அது பொடிந்து உதிரும், ரப்பர் வேண்டும். கோன் பாலிப்ரொப்பிலீன் என்றால் ஈரம் குடிக்காது. பெட்டி எம்டிஎஃப் என்றால் அடி ஓரத்தைப் பாருங்கள், வெனீர் ஒட்டாமல் திறந்திருந்தால் தரை துடைக்கும் தண்ணீரிலேயே உப்பிவிடும். ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் ஸ்பீக்கரை ஏன் வேண்டாம் என்றேன் என்றால், அந்த போர்டு பெட்டிக்குள் அடைந்த காற்றில் வேகிறது, பழுதானால் ஸ்பீக்கரே ஊருக்குப் போகிறது. மேஜைக்கு அது சரி. கிரானைட், டைல்ஸ் தரை என்றால் ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே தடிமனான ஜமுக்காளம் விரியுங்கள். பனையோலைப் பாய் அழகு, ஆனால் எதிரொலியை அது குடிக்காது.

ஒயர்: கடையில் சும்மா தரும் 14/38 ஒயரில் (38 கேஜ் மெல்லிழை 14 கொண்டது) மீட்டருக்குச் சுமார் 0.067 ஓம். ஐந்து மீட்டர் போக வர 0.67 ஓம் ஆகிறது, அதிகம். 1.5 சதுர மில்லிமீட்டர் என்றால் அதே தூரத்துக்கு 0.12தான், போதும். தகரப் பூச்சு பூசிய செம்பு ஒயர் கிடைத்தால் அதையே எடுங்கள். படகு ஒயரிங்குக்கு வைத்திருப்பார்கள், உள்ளே பச்சை ஏறாது. முனையில் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஓர் அங்குலம் வெட்டி, புதுச் செம்பை எடுத்து மாட்டலாம் என்று கொஞ்சம் நீளமாகவே விட்டு வையுங்கள்.

இனி மச்சானின் ரிசீவர். அவர் பெட்டி கட்டும் முன் பின்பக்க லேபிளை ஃபோனில் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். சவுதியில் பழைய வீடுகளில் 127 வோல்ட், அதிர்வெண் இன்றும் 60 ஹெர்ட்ஸ். லேபிளில் '220–240, 50/60' என்றிருந்தால் நேரே மாட்டலாம். பின்னால் வோல்ட்டேஜ் செலக்டர் இருந்தால் 240க்குத் திருப்பிய பிறகே பிளக். '120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்' மட்டும் என்றால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அது வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60க்குச் செய்த டிரான்ஸ்ஃபார்மரை 50இல் ஓட்டினால் அதன் கோர் 20 சதவீதம் அதிகக் காந்தப்புலத்தைச் சுமந்து கொதிக்கும். அதோடு நம் வெயிலும். உள்ளே ஸ்பீக்கரை ஓட்டுவது எஸ்டிகே என்ற வகை ஐசியா என்றும் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள், அது போனால் சந்தையில் கிடைப்பதில் பெரும்பாலானவை போலி. இதிலெல்லாம் தேறி, ஆர்சிஏ உள்ளீடும் இருந்தால் எச்டிஎம்ஐ பழசாக இருப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அதை ஒரு ஸ்டீரியோ ஆம்பாக மட்டும் வைத்து, முன்னால் ஒரு டாக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆம்புக்கு வைத்திருந்த காசு ஸ்பீக்கருக்குப் போகட்டும்.